ரசிகர் மன்றத்தின் கொப்பி சேகரிப்பு மாலை: கொழும்பில் ஒழுங்காக நடத்துவது எப்படி?

கொழும்பில் அறிவியல் புனைகதை வாசிக்கும் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை சந்திக்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் "நாலு பேருக்குப் பிரயோசனமாக ஏதாவது செய்வோம்" என்ற பேச்சு வந்துவிடும். வர வேண்டிய பேச்சுதான். ஆனால் அதற்கு அடுத்ததாகப் புதியவர்கள் கையில் எடுப்பது சுவரொட்டியை. ரொக்கெட் படம், நிகழ்ச்சியின் பெயர், திகதி எல்லாம் இரண்டே நாளில் தயாராகிவிடும். யாருக்கு, என்ன, எத்தனை வேண்டும் என்ற கேள்வி கடைசியில் வரும். அதற்குள் தேவையில்லாத பொருட்கள் மண்டபத்தில் மலையாகக் குவிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பாடசாலை, பிறகு பட்டியல், பிறகு திகதி, மண்டபம், நிகழ்ச்சி. சுவரொட்டி எல்லாவற்றுக்கும் பின்னால்தான். கதை வாசிப்பும் தொலைநோக்கியும் சேர்ந்த ஒரு மாலைப் பொழுதில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றுக்குக் கொப்பிகள் சேர்ப்பதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

நம்பிக்கையாக வரக்கூடிய எட்டுப் பேர் வேண்டும். குழுவில் ஐம்பது பேர் இருப்பது கணக்கில்லை. மழை நாளிலும் மாதக் கூட்டத்துக்கு வந்து சேர்கிறவர்கள்தான் கணக்கு. அப்படி எட்டுப் பேர் இன்னும் சேரவில்லையென்றால் மாதக் கூட்டத்தையே தொடர்ந்து நடத்துங்கள், அவசரம் இல்லை.

மூன்று மாத அவகாசமும் ஒரு நோட்டுக் கொப்பியும் வேண்டும். யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் இருப்பது தேவையான நேரத்தில் கண்ணில் படாது.

2. முதலில் பாடசாலை, அதிபரிடமிருந்து பட்டியல்

ஒரு பாடசாலையைத் தேர்ந்தெடுத்து, நேரம் கேட்டு, இரண்டு பேர் மட்டும் போய் அதிபரைச் சந்தியுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கடிதமாகவும் கொடுங்கள். வெளியார் பொருள் கொடுப்பதென்றால் அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்க வேண்டி வரலாம். கடிதம் கையில் இருந்தால் அவருக்கு அது சுலபம். வாய்ப்பேச்சோடு திரும்பி வருகிறவர்கள் பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதிபரிடம் "என்ன தேவை?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தரப்படுவது எதுவானாலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது, "எது தந்தாலும் சரி" என்பார். இப்படிக் கேளுங்கள்: எந்தத் தரத்தில் எத்தனை பிள்ளைகள்? அவர்கள் பாவிக்கும் கொப்பி ஒற்றைக்கோடா, சதுரக்கோடா? எத்தனை பக்கம்? எந்தத் தவணையில் தட்டுப்பாடு?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பாடப்புத்தகத்தையும் சீருடைத் துணியையும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. கொப்பி, பேனை, பை என்று மற்றதெல்லாம் பெரும்பாலும் வீட்டுச் செலவு. கோயில், வங்கி, பழைய மாணவர் சங்கம் எல்லோரும் ஆண்டுத் தொடக்கத்தில்தான் கொடுப்பார்கள். அந்தக் கொப்பிகள் தீர்ந்துபோகும் நேரத்தில் கொடுக்க ஆள் இருக்காது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும்போது கொப்பி கொண்டுபோய்க் கொடுப்பதையே நான் சொல்வேன்.

ஒரு தரத்தை மட்டும் எடுத்து, அதிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். "கஷ்டப்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கித் தாருங்கள்" என்று ஆசிரியரிடம் கேட்டால், அந்தப் பிள்ளைகள் வகுப்பின் முன்னால் எழுந்து நிற்க வேண்டி வரும். முழு வகுப்புக்கும் போனால் யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கணக்கும் தெளிவாகிவிடும்: 35 பிள்ளைகள், ஆளுக்கு 6 கொப்பி என்றால் 210. இதுதான் உங்கள் இலக்கு. இந்த எண் கைக்கு வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. பணத்தைத் தொடாமல் நடத்துங்கள்

டிக்கெட் விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரி விடயம் வரும். அதிர்ஷ்டச் சீட்டு குலுக்கினால் அதற்குத் தனி அனுமதி. உண்டியல் வைத்தால் யார் எண்ணினார்கள், யார் கையில் இருந்தது என்ற பேச்சு வரும். பதிவு செய்யாத சிறிய மன்றத்துக்கு இவ்வளவும் தேவையா? இரண்டு கொப்பி கொண்டுவந்தால் அதுவே அனுமதி என்று வைத்துவிடுங்கள். நூறு பேர் வந்தால் இருநூறு கொப்பி.

வெறுங்கையோடு வருகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள கொப்பிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, பட்டியலில் உள்ள கொப்பிகளை இரண்டு இரண்டாகக் கட்டி முன்மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வருகிறவர் அங்கேயே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருவார். மன்றத்தின் கையில் ஒரு ரூபாயும் படாது.

மண்டபம், அச்சு, தேத்தண்ணீர் என்ற செலவுகளை மன்ற உறுப்பினர்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நலன்விரும்பி பெரிய தொகை தர முன்வந்தால், அந்தத் தொகைக்குக் கொப்பி வாங்கித் தரச் சொல்லுங்கள். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் டசின் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்.

4. திகதி: நாட்காட்டியில் அட்டமியைப் பாருங்கள்

கொழும்பில் மாலை வானம் தெளிவாக இருப்பதற்கு அதிக வாய்ப்புள்ள காலம் ஜனவரி தொடக்கம் மார்ச்சின் முற்பகுதி வரை. அதன் பிறகு பின்னேரங்களில் இடி மழை ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் தென்மேல் பருவமழை. ஆகவே பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ நிகழ்ச்சியை வைத்தால், இரண்டாம் தவணைக்கு முன் கொப்பிகளை எண்ணிக் கட்டவும் நேரம் கிடைக்கும்.

விடுமுறை என்பதால் முழுநிலவு நாளான போயா தினத்தைத் தேர்ந்தெடுப்பது மிகச் சாதாரணமான பிழை. தொலைநோக்கிக்கு முழுநிலவு உதவாது. சூரிய ஒளி நேர் எதிரே விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இல்லை. கண் கூசும் ஒரு வெள்ளைத் தட்டுதான் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய அரைநிலவில் பாருங்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழல் நீட்டி நிற்கும். அது மட்டுமல்ல, அந்த நாட்களில் பொழுது சாயும்போதே நிலவு உயரத்தில் இருப்பதால் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்கள் மறைக்காது.

அட்டமியில் நல்ல காரியம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களோ மண்டபத்தாரோ சொன்னால் வாதாட வேண்டாம். சப்தமியும் தசமியும் ஏறக்குறைய அதே அளவு நல்லவைதான்.

அதற்கு மிக அருகில் வரும் சனிக்கிழமையை எடுங்கள். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, பிறகு டியூஷன். சனியிலும் டியூஷன் இருக்கும், ஆனால் நாலரைக்குத் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நோன்பு மாதம் அந்த நேரத்தில் வருகிறதா, மகா சிவராத்திரி எப்போது, பொதுப் பரீட்சை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் தொலைநோக்கி வரிசை வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் வர முடியாது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார், அந்த நாளிலேயே வைப்போம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். 1956 முதல் இங்கேயே வாழ்ந்தவர், பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பதால் அந்த ஆசை எனக்கும் உண்டு. சனிக்கிழமையும் அரைநிலவும் சேர்ந்து வராவிட்டால் அந்த நாளை மன்றத்தின் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொப்பி சேகரிப்புக்குக் கூட்டமும் வானமும் முக்கியம்.

5. மண்டபம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில்தான் நம் ஆட்கள் அதிகம். வெள்ளவத்தை என்றால் ரயிலிலும் வரலாம், காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களிலும் வரலாம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் மண்டபமும் உண்டு, நூலகத்துக்கு வந்துபோகும் வாசகர்களும் உண்டு.

மண்டபம் பார்க்கப் போகும்போது மேலே பாருங்கள். மொட்டைமாடியோ முற்றமோ இருக்கிறதா, இரவில் அங்கே போக அனுமதி உண்டா, கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மேல் வருகிறதா, மேல்மாடி விளக்கை அணைக்க முடியுமா? விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காவலாளி மட்டும் அறிந்த சுவிட்ச், காவலாளி தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் என்று பல மாலைகள் வீணாகியிருக்கின்றன.

வெளியில் ஒலிபெருக்கி வைக்க எண்ணினால் பொலிஸ் அனுமதி வேண்டும். உள்ளே சிறிய மைக் போதும்.

6. நிகழ்ச்சியில் என்ன வைப்பது

படம் போடுவோம் என்பதுதான் முதல் யோசனையாக வரும். விட்டுவிடுங்கள். டிவிடியோ சந்தாவோ வீட்டில் பார்ப்பதற்குத்தான். பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே என்பது அந்த அனுமதிக்கு ஈடாகாது. இரண்டு மணி நேரம் எல்லோரையும் இருட்டில் உட்காரவைத்தால் ஒருவரோடொருவர் பேசவும் முடியாது.

அதற்குப் பதிலாகக் கதை வாசியுங்கள். இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1946இல் இறந்தவர். ஆகவே அவருடைய சிறுகதை ஒன்றை நீங்களே தமிழாக்கி மேடையில் வாசிக்கலாம். அண்மைக்கால எழுத்தாளர் என்றால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். மன்ற உறுப்பினர் எழுதிய சொந்தக் கதை என்றால் இன்னும் நல்லது.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நான்கு பேர் குரல் பிரித்து வாசிக்க வேண்டும். கொழும்பில் ஆங்கிலமொழிமூலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழ்க் கதையைத் தாங்களாக எடுத்து வாசிக்க மாட்டார்கள். காதால் கேட்கும்போது அப்படியே உட்கார்ந்து கேட்பார்கள். இதற்காகவே வாசிப்பை விடக்கூடாது என்பேன். மொழிபெயர்ப்பைச் சத்தமாக மூன்று முறையாவது வாசித்துப் பழகுங்கள். நாக்கு தடக்கும் இடத்திலெல்லாம் வசனத்தை மாற்றி எழுதுங்கள்.

அடுத்தது பூகோள உருண்டை மேசை. செலவு குறைவு, கூட்டம் அதிகம். 30 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்றை வைத்து, "விண்வெளி நிலையம் எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது? விரலை வையுங்கள்" என்று கேளுங்கள். பெரியவர்கள்கூட ஒரு சாண் தள்ளி விரலை வைப்பார்கள். உண்மையில் சுமார் 400 கிலோமீற்றர்தான், உருண்டையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. பிறகு தொலைத்தொடர்புச் செய்மதி. அது 35,786 கிலோமீற்றர், உருண்டையிலிருந்து 84 சென்ரிமீற்றர். அந்த உயரத்தில் பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், மூன்று செய்மதி இருந்தால் உலகம் முழுக்கப் பேசலாம் என்று கிளார்க் 1945இலேயே எழுதினார். அவை பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன, நாம் அதற்கு ஏழு பாகைதான் வடக்கே இருக்கிறோம். அதனால்தான் நம்மூர்க் கூரைகளில் டிஷ் மல்லாந்து வானத்தைப் பார்க்கிறது என்று சொன்னால், வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்ப்பார்கள்.

கடைசியில் நிலா. இதுதான் நிலா என்று ஒரு தோடம்பழத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, உருண்டையிலிருந்து நிலா இருக்கும் தூரத்துக்கு நடக்கச் சொல்லுங்கள். ஒன்பது மீற்றர் போக வேண்டும். பெரும்பாலும் மண்டபத்தின் மறுகோடிக்கே போய்விடுவார்கள். நாடாவால் அளந்து தரையில் முன்கூட்டியே குறியிட்டு வைப்பது நல்லது.

வேடம் அணிவது விருப்பப்படி இருக்கட்டும், போட்டி வேண்டாம். போட்டி என்றால் காசுள்ள வீட்டுப் பிள்ளை வாடகை உடையில் வந்து பரிசை வாங்கிப்போகும். ஒரு வாரம் முன்னதாகக் கார்ட்போட் பெட்டியில் தலைக்கவசம் செய்யும் பட்டறை ஒன்று வைத்தால் எல்லோரும் ஒரே மாதிரிப் பொருளில் செய்வார்கள். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ற் அடிக்க விடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமை அரித்துக் குழியாக்கிவிடும். முதலில் தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்றை இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன் பிறகு ஸ்ப்ரே அடிக்கலாம். தலைக்கவசத்தில் மூக்குக்கும் வாய்க்கும் நேரே பெரிய துவாரம் கட்டாயம் வேண்டும். கொழும்பு வெக்கையில் பத்து நிமிடத்துக்கு மேல் மூடிய தலைக்கவசம் ஆபத்து.

புத்தகப் பரிமாற்ற மேசை ஒன்றும் வையுங்கள். ஒன்று வைத்து ஒன்று எடுக்கலாம். தொடக்கத்தில் மேசை வெறுமையாக இருந்தால் யாரும் கிட்ட வர மாட்டார்கள். மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் இருபது புத்தகம் வாங்கிப் போட்டுத் தொடங்குங்கள்.

7. தொலைநோக்கி வரிசை

மன்றத்திடம் தொலைநோக்கி இல்லாவிட்டால் பாடசாலை, பல்கலைக்கழக வானியல் கழகங்களிடம் கேளுங்கள். ஆறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி தாராளம். அதை இயக்கத் தெரிந்த ஆளோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கருவி மட்டும் வந்து பிரயோசனம் இல்லை.

ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் மணிக்கு அறுபது பேர். நூறு பேர் வருவார்கள் என்றால் இரண்டு தொலைநோக்கி வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒன்றோடு நின்றால், பலர் பார்க்காமலே பஸ் பிடிக்கப் போவார்கள். இரண்டும் நிலவையே பார்க்கட்டும். வியாழனோ சனியோ வானில் இருந்தால், வரிசை ஒருமுறை முடிந்த பிறகு திருப்பலாம்.

நிலவு தலைக்கு நேரே நிற்கும்போது பார்வைவில்லை சின்னப் பிள்ளைக்கு எட்டாது. ஏறி நிற்க ஆடாத முக்காலி ஒன்று வையுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும்.

பச்சை லேசரால் வானத்தைச் சுட்டிக் காட்டுவதை அடியோடு தடுங்கள். இரத்மலானை விமான நிலையம் கிட்டத்தான் இருக்கிறது. லேசர் ஒளி விமானியின் கண்ணில் பட்டால் விபரீதம்.

8. இப்போது சுவரொட்டி

மேலே சொன்னவை முடிந்த பிறகு சுவரொட்டியில் எழுத வேண்டியது தானாகத் தெளிவாகும். "பாடசாலை உபகரணங்கள்" என்று எழுதினால் பாதி எழுதிய கொப்பியும் உடைந்த கொம்பாஸ் பெட்டியும் வரும். "ஒற்றைக்கோடு, 120 பக்கம், புதியது, ஆளுக்கு இரண்டு" என்று பெரிதாகப் போடுங்கள். சிங்கள நண்பர்களும் வருவார்கள் என்பதால் சிங்களத்திலும் இரண்டு வரி இருக்கட்டும். பாடசாலையின் பெயரை அதிபர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

9. அன்றைய மாலை

நாலரைக்குக் கதவு, ஐந்தேகாலுக்குக் கதை, அதன் பிறகு மேசைகள், ஆறே முக்காலுக்கு மாடி, எட்டேகாலுக்கு முடிவு. பெப்ரவரியில் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும், நிலவு அதற்கு முன்பே தெரியும்.

வாசலில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கொப்பியை வாங்கி வகை பிரித்துப் பெட்டியில் போடுவார், மற்றவர் நோட்டில் கோடு போடுவார். பெயர் எழுத வேண்டாம். யார் எத்தனை கொண்டுவந்தார் என்ற பட்டியல் இருந்தால், அடுத்தமுறை குறைவாகக் கொண்டுவந்தவர் வரக் கூச்சப்படுவார். மாதிரிக் கொப்பி ஒன்றை மேசைமேல் வைத்தால் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

மேகம் மூடினால் என்ன செய்வது என்பதை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். இன்னொரு கதை தயாராக இருப்பதுதான் நல்ல வழி. "கொஞ்சம் பொறுங்கள், விலகும்" என்று ஒரு மணி நேரம் இழுப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

10. எண்ணுதல், கட்டுதல், கையளித்தல்

அன்றிரவே எண்ணி, வாசல் நோட்டோடு ஒப்பிட்டு, இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். மறுநாளுக்கு விட்டால் பெட்டிகள் மூன்று வீட்டுக்குப் பிரிந்துபோகும்.

210க்குக் குறைந்தால் உறுப்பினர்களே வாங்கி நிரப்ப வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் குறைவாகப் போகக்கூடாது. கூடினால் மிச்சத்தைத் தனியாகக் கட்டி அதிபரிடம் சொல்லிக் கொடுங்கள். ஆண்டின் நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உதவும். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டு என்று ஆறாறாகக் கட்டினால் ஆசிரியருக்குப் பிரிக்கும் வேலை இல்லை.

கையளிக்க மூன்று பேர் போதும். பாடநேரத்தைக் கெடுக்காத நேரம் எது என்று அதிபரிடம் கேட்டுப் போங்கள். மேடை, மாலை, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எதுவும் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். அவர்கள் மரியாதைக்காக ஏற்பாடு செய்வார்கள், அதற்காகப் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். கொப்பிக் கட்டுகளை எடுத்தால் போதும்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், கிடைத்தது என்று ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தத் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் பூகோள உருண்டையையும் தோடம்பழத்தையும் காட்டிவிட்டு, உருண்டையை அங்கேயே விட்டு வாருங்கள்.

11. கணக்கு

ஒரு பக்கத்தில் எழுதி, வந்த எல்லோருக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள்: எத்தனை கொப்பி வந்தது, எத்தனை வாங்கி நிரப்பினோம், எத்தனை கொடுத்தோம், முத்திரையிட்ட கடிதத்தின் படம். மண்டபச் செலவை உறுப்பினர்களே ஏற்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

நோட்டுக் கொப்பியை அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவரிடம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தில் மூன்று விடயங்கள் இருக்கட்டும்: அடுத்த பெப்ரவரி, மார்ச்சில் வளர்பிறை அட்டமிக்கு அருகே வரும் சனிக்கிழமைகள், மண்டபத்தை முன்பதிவு செய்ய வேண்டிய மாதம், மாடி விளக்கின் சுவிட்ச் இருக்கும் இடம்.